50 பிரைமா, 18-55 ஜூமா: கற்றுக்கொள்பவர் கையில் எது இருக்க வேண்டும்?

அக்கா மகன் கேமரா வாங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, இந்த 18-55 லென்ஸைத் தள்ளிவிட்டு ஒரு 50 வாங்கிவிடட்டுமா? இதை வைத்துக்கொண்டு ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது என்கிறார்கள்."

"யார் சொன்னார்கள்?"

"எல்லோரும்தான்."

எல்லோரும் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்தச் சரியான பாதிக்கும் அவர்கள் சொல்லும் காரணம் தவறு. அதனால்தான் பலர் 50 மி.மீ. லென்ஸை ஆசையாக வாங்கி, மூன்றே மாதத்தில் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வைத்தவர்களில் நானும் ஒருவன். பிறகு அதை வெளியே எடுத்தேன் என்பது வேறு கதை.

முதலில் போட்டியாளர்களைப் பார்த்துவிடலாம். ஒரு பக்கம், கேமராவோடு ஒரே பெட்டியில் வரும் 18-55 மி.மீ., எஃப்/3.5-5.6 ஜூம். "கிட் லென்ஸ்" என்று கொஞ்சம் இளக்காரமாகவே அழைக்கப்படுவது. மறுபக்கம், குவியத் தூரம் (காட்சியை லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் மி.மீ. எண்) மாறாத 50 மி.மீ., எஃப்/1.8 பிரைம். எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டையும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராவில் மாட்டித்தான் பேசுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பலரின் கையில் இருப்பது அதுதான். முழு ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள கேமரா வைத்திருப்பவருக்குக் கணக்கு மாறும்.

50க்கு அவ்வளவு புகழ் எங்கிருந்து வந்தது? 1925இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தது 50 மி.மீ. லென்ஸ். புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியதும் 50தான். ஃபிலிம் கேமராக்கள் கோலோச்சிய காலத்தில் கேமராவோடு சேர்த்து விற்கப்பட்டதும் 50தான். அதாவது அந்தக் காலத்துக் கிட் லென்ஸே அதுதான்! ஃபிலிமின் ஃப்ரேம் 36 x 24 மி.மீ. அதன் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. குவியத் தூரம் அந்த அளவுக்கு அருகில் இருந்தால் காட்சி மிக அகலமாகவும் தெரியாது, மிக நெருக்கமாகவும் தெரியாது. 50 அதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஃப்ரேமைவிடச் சிறியது. கேனனில் 1.6 மடங்கு, மற்ற பெரும்பாலான கேமராக்களில் 1.5 மடங்கு. அதே 50ஐ இதில் மாட்டினால் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குத்தான் காட்சி தெரியும். அந்தப் பழம்புகழ் முழுக்க வேறொரு 50க்குச் சேர வேண்டியது. பெயர் ஒன்றாக இருப்பதால் இதன் கழுத்தில் மாலை விழுந்திருக்கிறது. பழைய 50 காட்டிய உலகம் ஏபிஎஸ்-சியில் வேண்டுமென்றால் 35 மி.மீ. வாங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். மூன்று மீட்டர் அகலத்துக்கு வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். அத்தனை பேரும் ஃப்ரேமுக்குள் வர, 18 மி.மீ. வைத்திருப்பவர் சுமார் 2.3 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 35 என்றால் நான்கரை மீட்டர். 50 என்றால் ஏறத்தாழ ஆறரை மீட்டர். வீட்டுக்குள் ஆறரை மீட்டர் பின்வாங்க இடம் இருப்பவர்கள் மேலே படிக்க வேண்டாம், 50ஐ வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் முதுகு சுவரில் முட்டும்வரை போய், அதற்குமேல் போக வழியில்லாமல், ஓரத்தில் நிற்கும் இருவரின் தோளை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் அப்படி வெட்டிய தோள்கள் நிறைய.

சரி, "பிரைம் நடக்க வைக்கும், ஜூம் சோம்பேறியாக்கும்" என்ற வாதத்துக்கு வருவோம். இதைச் சொல்லாதவர்கள் குறைவு. நடப்பது நல்லதுதான். ஆனால் நடப்பதும் ஜூம் செய்வதும் ஒரே வேலையின் இரண்டு வழிகள் என்பதுபோல் இந்த வாதம் பேசுகிறது. உண்மையில் இரண்டும் வெவ்வேறு வேலைகள். நின்ற இடத்திலேயே ஜூம் வளையத்தைத் திருகினால் காட்சியின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்படுகிறது. பொருள்களுக்கு இடையிலான அளவு விகிதம் கொஞ்சமும் மாறாது. கால் நகர்ந்தால்தான் அது மாறும்.

இதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிடச் செய்து பார்ப்பது எளிது. ஒரு நாற்காலியைத் திறந்தவெளியில் போடுங்கள். அதற்குப் பின்னால் பத்து மீட்டரில் ஒரு மரம் இருக்கட்டும். லென்ஸை 18இல் வைத்து, நாற்காலிக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று ஒரு படம். பிறகு 55க்கு மாற்றி, நாற்காலி முன்பிருந்த அதே அளவில் தெரியும்வரை பின்னால் போங்கள். மூன்று மீட்டருக்குச் சற்று மேல் வரும். இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்காலி மாறவில்லை. மரம் இரண்டரை மடங்கு பெரிதாகி, நாற்காலியின் முதுகில் வந்து சாய்ந்திருக்கிறது. முதல் படத்தில் நாற்காலி தனியாக நிற்கும். இரண்டாவதில் மரத்தடியில் போட்டதுபோல் இருக்கும்.

எனக்கு இது பிடிபட இரண்டு வருடம் ஆனது. காரணம், 50ஐ அலமாரியிலிருந்து எடுத்தபின் அதை மட்டும்தான் மாட்டியிருந்தேன். ஒரே குவியத் தூரம் உள்ள லென்ஸில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. எங்கே நிற்பது என்பதைக் கற்றுத்தரும் ஆசிரியர் பிரைம் என்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தியது கிட் ஜூம்தான். முறை ஒன்றுதான்: முதலில் எந்தக் குவியத் தூரம் என்று முடிவு செய்ய வேண்டும், பிறகு கால் நகர வேண்டும். வளையத்தைத் திருகியபடியே ஃப்ரேமைத் தேடினால் பாடம் நடக்காது.

அப்படியானால் பிரைம் எதற்கு? வெளிச்சத்துக்கு. இங்கேதான் 50, கிட் லென்ஸை நிஜமாகவே வீழ்த்துகிறது.

என் பெரியம்மா மாலை நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கிட் லென்ஸை 50க்குக் கொண்டுபோனால் அதன் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப்/5.6க்குமேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 3200 வைத்தும் ஷட்டர் வேகம் 1/15 நொடிதான் கிடைத்தது. லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்ததால் ஜன்னல் கம்பிகள் கத்திபோல் கூர்மையாக விழுந்தன. பெரியம்மாவின் விரல்கள் மட்டும் புகைபோல் கரைந்திருந்தன. நடுக்கத் தடுப்பு நம் கையின் ஆட்டத்தை அடக்கும். எதிரில் இருப்பவரின் கையை அது என்ன செய்ய முடியும்?

50ஐ மாட்டி எஃப்/1.8இல் வைத்தேன். 5.6க்கும் 1.8க்கும் இடையே ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்ச வேறுபாடு. அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/125 தாராளமாகக் கிடைத்தது. விரல்கள் நின்றன. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8இல் கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்தான். முகத்தில் ஃபோகஸ் வைத்தால் ஊசி மங்குகிறது. ஊசியில் வைத்தால் கண் மங்குகிறது. இரண்டும் வேண்டுமென்று எஃப்/4க்குப் போனாலும் ஆறு சென்டிமீட்டர்தான் கிடைக்கும். முகத்துக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இந்தப் படம் ஊசியைப் பற்றியதா, பெரியம்மாவைப் பற்றியதா என்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நான் யோசித்தது அன்றுதான். ஊசியில் வைத்தேன். நூல் முனை இரண்டாகப் பிரிந்திருப்பது வரை தெரிந்தது. பின்னால் முகம் மெல்லிய நிழலாக, ஆனால் அவர்தான் என்று அடையாளம் தெரியும்படி இருந்தது. கிட் லென்ஸ் இந்தக் கேள்வியை அவ்வளவு அழுத்தமாகக் கேட்பதில்லை.

பிரைமின் இன்னொரு நன்மையை யாரும் பேசுவதில்லை. கிட் லென்ஸின் விளிம்பில் 3.5-5.6 என்று எழுதியிருப்பதன் பொருள், ஜூம் செய்யச் செய்ய அதன் அதிகபட்ச அபெர்ச்சர் சுருங்கிக்கொண்டே போகும் என்பது. எல்லா அளவுகளையும் தானே அமைக்கும் மேனுவல் முறையில் பழகும் ஒருவர் 18இல் எஃப்/3.5, 1/60 என்று சரியாக அமைத்துவிட்டு 55க்குப் போனால், கை வைக்காமலேயே அபெர்ச்சர் 5.6 ஆகிவிடும், படம் இருண்டுவிடும். தான் எதையோ தவறாகத் தொட்டுவிட்டதாகப் பாவம் அவர் நினைத்துக்கொள்வார். வெளிச்சக் கணக்கைப் பழகும் காலத்தில் இப்படிக் காலடியில் தரை நகர்வது பெரிய குழப்பம். பிரைமில் எஃப்/2 என்றால் எஃப்/2தான்.

பிரைமுக்கும் ஒரு வியாதி உண்டு. எஃப்/1.8 கிடைத்த மயக்கத்தில் நான் ஒரு வருடம் அதைவிட்டு இறங்கவில்லை. அந்த வருடத்துப் படங்களைப் பிறகு பார்த்தபோது வரிசையாக முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் குழம்பிய வண்ணம். சில படங்களை எங்கே எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பயணம் போன இடமும் வீட்டு மொட்டை மாடியும் ஒன்றுபோல் இருந்தன. ஜூம்காரரின் சோம்பல் விரலில் என்றால், பிரைம்காரரின் சோம்பல் பின்னணியில். வேண்டாத பொருள் பின்னால் இருந்தால் இரண்டடி நகர்வதற்குப் பதில் அதை மங்கவைத்துவிட்டு வந்துவிடுவோம்.

மற்ற ஒப்பீடுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கூர்மை: எஃப்/8இல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்து, திரையளவில் பார்த்தால் எது எந்த லென்ஸில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. பெரிதாக்கிப் பார்த்து ஓர வித்தியாசங்களைத் தேடுவது ஒரு தனிப் பொழுதுபோக்கு. படம் எடுப்பதோடு அதற்குத் தொடர்பு குறைவு. நெருங்கி எடுப்பது: இங்கே கிட் லென்ஸ் ஜெயிக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பல 18-55கள் 25 செ.மீ. வரை நெருங்கவிடும், 50க்கு 35 செ.மீ. அல்லது அதற்கும் மேல் வேண்டும். இந்தத் தூரம் லென்ஸின் மூக்கிலிருந்து அளப்பதில்லை, சென்சாரிலிருந்து. கேமராவின் தலைமீது ஒரு வட்டத்தைக் கோடு ஒன்று குறுக்கே வெட்டும் குறி இருக்குமே, அதுதான் அளவு தொடங்கும் இடம். பூ, புழு, மோதிரம் என்று போகிறவர்கள் 50ஐ நம்பி இறங்க வேண்டாம்.

கைப்பேசியே போதாதா என்று மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. ஃப்ரேம் அமைக்கக் கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். பின்னணி மங்கல் அங்கே பெரும்பாலும் மென்பொருளின் கணக்கு என்பதால், மேலே சொன்ன ஊசிச் சங்கடம் அதில் வராது. அந்தச் சங்கடம்தான் எனக்குப் பாடமானது. அதனால் கைப்பேசியை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

அக்கா மகனிடம் திரும்புவோம். நான் அவனுக்குத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. கணினியில் அவன் படங்களைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு படக்கோப்பிலும் எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்பது பதிவாகியிருக்கும். எண்ணிப் பார்த்தோம். பாதிக்கு மேல் 55. மீதியில் பெரும்பகுதி 18. நடுவில் ஆளே இல்லை. புதிதாக ஜூம் பிடிக்கும் கை இப்படித்தான் இரண்டு முனைகளிலும் போய் முட்டிக்கொண்டு நிற்கும். என் முதல் படங்களும் அப்படித்தான். இந்த நிலையில் அவனுக்கு எந்த பிரைம் பொருந்தும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, ஜூம் வளையத்தை 35இல் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் அப்படியே எடுக்க வேண்டும். அதன்பின் இரண்டு வாரம் 50இல். நடக்க வைக்கும் பிரைம்தான் வேண்டுமென்றால் இதோ, கையில் இருப்பதையே பிரைம் ஆக்கிக்கொள்ளலாம். அபெர்ச்சர் மட்டும்தான் வராது. வெளிச்சம் போதாமல் தவித்த படங்களைத் தனியே குறித்து வைக்கச் சொன்னேன். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால்தான் எஃப்/1.8க்கு வேலை இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து வந்தான். 50இல் ஒட்டிய வாரங்களில் அவன் எடுத்தவை பெரும்பாலும் முகங்கள். நன்றாகவே இருந்தன, 75-80 மி.மீ. காட்சி முகத்துக்குப் பொருத்தமானது, யாரையும் மூக்குப் பெருத்துக் காட்டாது. முகங்களை மட்டுமே எடுக்கப்போகிறவன் என்றால் அன்றே 50 வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் 35இல் ஒட்டிய வாரங்களில்தான் அவன் வீடு முழுக்கச் சுற்றியிருந்தான். அக்கா துணி மடிப்பது, கதவிடுக்கில் படுத்திருக்கும் பூனை, தேர்வுக்குப் படிக்கும் தங்கை, அவள் மேசை விளக்கு. வெளிச்சம் போதாத பட்டியலில் இருந்தவையும் ஏறக்குறைய அத்தனையும் அவைதான்.

"35 எஃப்/1.8, மாமா" என்றான். ஜூமை விற்கப்போவதில்லையாம். அதிலிருந்து டேப்பைப் பிரித்தபோது வளையத்தின் ரப்பரில் பசை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. நீங்கள் ஒட்டுவதாக இருந்தால் பசை மிச்சம் வைக்காத காகித டேப்பாகப் பார்த்து ஒட்டுங்கள்.