மூரிஷ் ஐடலா, பேனர்ஃபிஷ்ஷா?

பவளப்பாறைப் படத்தில் வெள்ளை உடல், கறுப்புப் பட்டைகள், முதுகிலிருந்து சாட்டை மாதிரி நீளும் துடுப்பு என்று பார்த்ததும் நிறையப் பேர் இந்த இரண்டு மீன்களில் எது என்று திணறுகிறார்கள். முதலில் வாலைப் பாருங்கள், முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வால்: ஐடலுக்குக் கறுப்பு, ஓரத்தில் மெல்லிய வெள்ளை. பேனருக்கு முழு மஞ்சள்.

மூக்கு: ஐடலுக்கு நீண்ட குழாய், மேலே ஆரஞ்சுத் திட்டு. பேனருக்குக் குட்டை.

குடும்பம்: பேனர் வண்ணத்துப்பூச்சி மீன் வகை. ஐடலோ தன் குடும்பத்தில் இன்று வாழும் ஒரே இனம், சர்ஜன் மீன்களுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

இடம்: இரண்டும் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உண்டு. ஆனால் படம் மெக்சிகோவின் பசிபிக் கரையில் எடுத்தது என்றால் அது ஐடல்தான், பேனர் அவ்வளவு கிழக்கே பரவவில்லை.

உணவு: ஐடல் பெரும்பாலும் கடற்பஞ்சுகளைக் கொறிக்கும், அதனால் தொட்டியில் பலவும் சாப்பிடாமலே மெலிந்து சாகின்றன. பேனர் மிதவை உயிரிகளையும் சின்னஞ்சிறு உயிர்களையும் தின்னும், தொட்டித் தீனிக்கும் பழகிவிடும்.

சரி, வளர்க்க ஆசையா? 25 செ.மீ. வரை வளர இடம் கொடுக்க முடிந்தால் பேனர். ஐடலைத் தயவுசெய்து கடலில் மட்டும் பாருங்கள்.