நெப்டியூன் தீவுகளில், கூண்டுக்குள் மூன்று நாட்கள்

போர்ட் லிங்கனிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, நெப்டியூன் தீவுகளில் வெள்ளைச் சுறாவைக் காட்டிவிட்டு, மாலைக்குள் கரை திரும்பும் படகுகள் உண்டு. அப்படியிருக்க, பல மடங்கு கட்டணம் செலுத்தி மூன்று இரவுகள் கடலிலேயே தங்கும் படகில் எதற்காகச் செல்ல வேண்டும் என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. பதில் முதல் நாள் பிற்பகலில் கிடைத்தது.

தென் ஆஸ்திரேலியாவில் ஐர் தீபகற்பத்தின் தென்கோடியில், சூரை மீன் தொழிலால் செழித்த சிறிய துறைமுக ஊர் போர்ட் லிங்கன். அடிலெய்டிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காரில் சென்றால் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 650 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தீவுகள் அங்கிருந்து இன்னும் தெற்கே, திறந்த கடலில் உள்ளன. 1802இல் இவ்வழியே வந்த ஆங்கிலேயக் கடலோடி மாத்யூ பிளிண்டர்ஸ், மனிதர் அணுக முடியாத இடம் போலத் தோன்றியதால்தான் இவற்றுக்குக் கடல் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார். மனிதர் அணுகாத அந்தப் பாறைகளில் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய உரோமக் கடல்நாய்க் கூட்டம் குட்டி ஈன்று வாழ்கிறது. சுறாக்கள் வருவது அவற்றுக்காக. கூண்டிலிருந்து வெள்ளைச் சுறாவைக் காண்பதற்கு ஆஸ்திரேலியாவில் அனுமதியுள்ள ஒரே இடமும் இதுதான்.

படகைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. இருவர் தங்கும் சிறிய அறை, எப்போதும் வெந்நீர் வரும் குளியலறை, ஈர உடைகளைக் காய வைக்கத் தனி இடம், நீரிலிருந்து ஏறியவுடன் கையில் தரப்படும் சூடான சூப் ஆகியவை ஜூலை மாதக் குளிரில் எவ்வளவு பெரிய வசதிகள் என்பது இரண்டாம் முறை மூழ்கி எழும்போது விளங்கும். உணவு அசைவம் உண்போருக்குத் தாராளம். முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தும், உடன் வந்த சைவ நண்பருக்கு மூன்று நாட்களும் ஏதோ ஒரு வடிவில் பாஸ்தாவே கிடைத்தது. அவர் கொண்டுவந்த ஊறுகாய்ப் புட்டிதான் கடைசியில் படகிலேயே மதிப்பு மிக்க பொருளாயிற்று.

முதல் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அரைத்த சூரை மீனைப் படகின் பின்புறமான அமரத்திலிருந்து நீரில் கலக்கத் தொடங்கினார்கள். அந்த நாற்றம் நீரோட்டத்தோடு பரவும் திசையில் எங்கேனும் சுறா இருந்தால் அது தேடி வரும்; இல்லாவிட்டால் வராது. அவ்வளவுதான் கணக்கு. அருகே நங்கூரமிட்டிருந்த ஒரு நாள் படகு மதியம்வரை காத்திருந்து, வெறும் பாரை மீன் கூட்டத்தை மட்டும் பார்த்த பயணிகளுடன் இரண்டு மணியளவில் கிளம்பிச் சென்றது. மூன்று மணிக்கு எங்கள் கூண்டின் கீழே முதல் சுறா வந்தது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மெத்தைக்கோ சூப்புக்கோ அன்று, அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்பதை அப்போது உணர்ந்தேன். எத்தனை நாள் தங்கினாலும் உறுதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் ஓர்காக்கள் எனும் கொலைத் திமிங்கிலங்கள் இங்கே ஒரு சுறாவைத் தாக்கியபின், மற்ற சுறாக்கள் பல வாரங்கள் இப்பக்கமே வரவில்லை.

மேற்பரப்புக் கூண்டில் இறங்க மூழ்குநர் சான்றிதழ் தேவையில்லை. படகிலிருந்து குழாய் வழியே காற்று வருவதால் முதுகில் உருளை இல்லை; கால் நழுவாமல் நிற்பதற்கென்று இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கூடுதலாகக் கட்டிவிடுகிறார்கள். சுறா எதிரிலிருந்து வரும் என்று எல்லோரும் எதிரே பார்த்துக்கொண்டிருப்போம். அது கீழிருந்து வரும். கருஞ்சாம்பல் முதுகு ஆழத்து நீரோடு கலந்துவிடுவதால், வெண்வயிறு திரும்பும்வரை அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். கறுப்பு என்று காலமெல்லாம் நம்பியிருந்த அதன் கண், கையெட்டும் தொலைவில் கருநீலமாக இருந்தது. அது ஒரு முறை கூண்டின் கம்பியைக் கவ்வியது. கோபத்தினால் அல்ல, உப்பு நீரில் உலோகம் உண்டாக்கும் மெல்லிய மின்புலத்தை அதன் மூக்கிலுள்ள நுண்துளைகள் உணர்வதே காரணம் என்று பிற்பாடு விளக்கினார்கள். சுறாப்புட்டு தின்று வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் சற்றே கூச்சமாக இருந்தது.

கடலடிக்கு இறக்கும் கூண்டுதான் இப்பயணத்தின் உச்சம். சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்தில், மணலும் கடற்புல்லும் உள்ள தரையில் கூண்டு மெல்ல அமர்கிறது. மேலே இரையைத் துரத்திப் பரபரத்த அதே விலங்கு, கீழே எவ்வித அவசரமும் இன்றிப் பாறைகளுக்கிடையே ஊர்வலம் போல வந்து, எங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நீலத்துக்குள் கரைந்தது. பெரிய திருக்கை ஒன்று அருகில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. சுறாவை அது பொருட்படுத்தவே இல்லை. மேற்பரப்பில் நாம் காண்பது பசித்த சுறாவின் நடிப்பு என்றால், அதன் அன்றாட வாழ்வைக் கீழேதான் காண முடியும். சான்றிதழ் பெறும் எண்ணம் உள்ளவர்கள் அதை முடித்துவிட்டே இங்கு வருவது நல்லது.

இந்தக் கூண்டுக்கும் ஒரு கதை உண்டு. 1963இல் அடிலெய்டுக்குத் தெற்கே ஈட்டி மீன்பிடிப் போட்டியில் வெள்ளைச் சுறாவால் கடிபட்டு, 462 தையல்களுடன் உயிர் பிழைத்தவர் ரோட்னி பாக்ஸ். மிருகக்காட்சிசாலையில் சிங்கக் கூண்டைக் கண்டபோது, கடலில் மனிதன் கூண்டுக்குள் இருந்தால் என்ன என்று தமக்குத் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். கொல்ல வேண்டிய பகையாகவே கருதப்பட்ட சுறா, 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஆனாலும் இரை கலக்கும் வழக்கம் எனக்கு முழு நிம்மதி தரவில்லை. இத்தொழில் பெருகியபின் சுறாக்கள் இத்தீவுகளில் தங்கும் காலம் நீண்டதை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படகுகளுக்கான உரிமங்களின் எண்ணிக்கையையும் அவை இயங்கும் நாட்களையும் அரசு கட்டுப்படுத்துவதும் அதனால்தான். அவ்வளவு அறிந்தும் நான் சென்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

செல்வோருக்குச் சில சொற்கள். பெரிய பெண் சுறாக்களைக் காண மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலமே ஏற்றது. அப்போது நீர் 15 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், கடலும் முரடாக இருக்கும். குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை. முந்தைய இரவே எடுத்துக்கொள்ள வேண்டும். அறையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் கேளுங்கள். எனக்கு முன்பக்கத்தில்தான் கிடைத்தது. முதல் இரவு முழுவதும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.