வாரிய வீடு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள்: நீலகிரி மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

உதகை நகராட்சி எல்லைக்குள் குறைந்த வாடகையில் அரசுக் குடியிருப்பு ஒதுக்கித் தருவதாக நம்ப வைத்து, என் அம்மாவிடமும் என்னிடமும் ஒருவர் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் இன்னும் சிலரிடம் இதே பேச்சைப் பேசிவருவதாகக் கேள்விப்பட்டதால்தான் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

அம்மா குன்னூரை அடுத்த ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டில் 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தார். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். வேலைப் பதிவேட்டில் பேர் வெட்டிய நாளிலிருந்து, தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு நமக்குச் சொந்தமில்லை. வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தால்தான் பணிக்கொடைப் பணம் கைக்கு வரும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் வந்தால்தானே வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க முடியும்? நான் உதகையில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு அறையும் அடுப்படியும் மட்டுமே உள்ள வீட்டுக்கு மாதம் 5,000 ரூபாயும், முன்பணமாக 50,000 ரூபாயும் கேட்டார்கள். சீசன் காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கிறது என்பதால், குடும்பங்களுக்கு வீடு விடவே பலர் முன்வருவதில்லை. இந்த இக்கட்டை நன்றாகத் தெரிந்துகொண்டவர்தான் எங்களைத் தேடி வந்தார்.

உறவினர் வீட்டு வளைகாப்பில் அறிமுகமானவர் அவர். அம்மாவை வாய் நிறைய "அம்மா" என்று அழைப்பார். அம்மாவும் "தம்பி" என்றே பேசுவார். அவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் உண்மை கலந்திருந்தது. 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்ததும், 2024-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகைக் குடியிருப்பும் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டிருப்பதும், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் வருவதும் உண்மையே. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் அரசு வாரியத்தின் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, அங்கே குடியிருப்பவர்கள் வெளியே தங்குவதற்காக 24,000 ரூபாய் கருணைத் தொகை தரப்படுவதும் உண்மைதான். இந்தக் கருணைத் தொகையைத்தான் அவர் "வீடு கிடைக்கும் வரை அரசே உங்களுக்கு வாடகை கொடுக்கும்" என்று திரித்துச் சொன்னார். நான் கைப்பேசியில் தேடிப் பார்த்தபோது திட்டங்களின் பெயர்கள் அப்படியே இருந்ததால், அவர் சொன்ன மற்றவையும் சரியாகவே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். என் பெரிய தவறு அதுதான். திட்டம் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, நம் ஊரில் அதற்கு இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் "டோக்கன்" என்று 15,000 ரூபாயைக் கையில் வாங்கினார். பத்து நாள் கழித்து, குலுக்கலில் அம்மாவின் பெயர் விழுந்துவிட்டது என்று சொல்லி 25,000 ரூபாயை ஜிபே மூலம் அனுப்பச் சொன்னார். அந்த எண் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, அலுவலகக் கணக்கரின் எண் என்றார். இவற்றோடு எங்கள் இருவரின் ஆதார் நகல்கள், அம்மாவின் வங்கிப் புத்தக நகல், குடும்ப அட்டையின் அசல் ஆகியவற்றையும் சரிபார்ப்புக்கு என்று வாங்கிச் சென்றார். அட்டை கையில் இல்லாததால் அந்த மாதம் அம்மாவால் ரேஷன் அரிசி வாங்க முடியவில்லை.

பிறகு ஓர் ஒதுக்கீட்டுக் கடிதம் கொடுத்தார். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. தலைப்பில் அரசு முத்திரையான கோபுரம், நகலை மீண்டும் நகல் எடுத்ததைப் போல் மங்கித் தெரிகிறது. அதன் கீழே "தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அம்மாவின் பெயரும் கதவு எண்ணும் மட்டும் வேறு எழுத்துருவில் சற்றே சாய்ந்து நிற்கின்றன. ஊதா மையில் குத்திய வட்ட முத்திரையில் பதவியின் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர் இல்லை. கோப்பு எண் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஆண்டு குறிப்பிடப்படவில்லை. இவை எல்லாம் இப்போது பார்க்கும்போது கண்ணில் படுகின்றன. அன்று அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, லைன் வீட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார்.

சாவி வாங்கித் தருவதாகச் சொன்ன நாளில் உதகை சேரிங் கிராஸ் அருகே காலை ஒன்பது மணியிலிருந்து மழையில் காத்திருந்தோம். பதினொரு மணிக்குப் பிறகு அவருடைய கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும், உடம்பு சரியில்லை, அதிகாரி மாறுதலில் போய்விட்டார் என்று வேறு எண்களிலிருந்து இரண்டு வாரம் இழுத்தடித்தார். சந்தேகம் தாங்காமல் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போய் வாரிய அலுவலகத்தில் காட்டினேன். அங்கிருந்த அலுவலர் முதல் வரியைப் படித்ததுமே தாளைத் திருப்பித் தந்துவிட்டார். குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-இலேயே தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டுவிட்டது. பழைய பெயரில் இப்போது எந்த ஒதுக்கீட்டு ஆணையும் வராது என்றார். பயனாளிப் பங்குத்தொகை எதுவாக இருந்தாலும் வாரியத்தின் பெயரில் வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும் என்றும், தனி ஆளிடம் கொடுத்த பணத்துக்கு வாரியம் பொறுப்பாகாது என்றும் பொறுமையாக விளக்கினார். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் பேருந்தில், அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

காவல் நிலையத்தில் முதல் நாள் புகாரை வாங்கவில்லை. கையில் கொடுத்த பணத்துக்கு என்ன சாட்சி, பத்திரம் எழுதினீர்களா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதனால் திங்கட்கிழமை உதகை பிங்கர்போஸ்டில் உள்ள மாவட்ட ஆட்சியரின் கூடுதல் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அதன் பிறகே அதே நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டு, அதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். மனுவோடு ஜிபே பரிமாற்ற எண், வங்கிக் கணக்கு விவரம், குறுஞ்செய்திகளின் படப்பிரதி, கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்திருந்தது பெரிதும் உதவியது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் பேசினேன்; ஆனால் பணம் அனுப்பிப் பல நாட்கள் ஆகிவிட்டிருந்தன. உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கில் இருந்த தொகையையாவது முடக்கியிருக்கலாம் என்றார்கள். ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம் என்று நான் மௌனமாக இருந்த ஒவ்வொரு நாளும் அவருக்குத்தான் பயன்பட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்று தெரிந்துகொண்டு, இப்போது ஒரு வழக்கறிஞரின் உதவியையும் பெற்றிருக்கிறேன்.

பணத்தைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது ஆதார் நகல்கள்தான். கடந்த 20 ஆண்டுகளுக்குள் அரசு வீட்டுத் திட்டம் எதிலாவது பயன் பெற்ற குடும்பத்துக்குப் புதிய திட்டத்தில் இடமில்லை. எங்கள் ஆதாரை வைத்து வேறு யாராவது பயன் பெற்றுவிட்டால், பிற்பாடு உண்மையாகவே விண்ணப்பிக்கும்போது அம்மா தகுதியற்றவர் என்று வந்துவிடாதா? இந்தக் கேள்வியோடு நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, அம்மாவின் ஆதார் எண்ணில் இதுவரை எந்த விண்ணப்பமும் பதிவாகவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தயவுசெய்து யாருக்கு ஆதார் நகல் கொடுத்தாலும், எந்தக் காரணத்துக்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்பதை நகலின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். குடும்ப அட்டையின் அசலை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். விண்ணப்பத்துக்குத் தேவைப்படும் வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் நீங்களே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். அதற்காக எங்களிடம் அவர் வாங்கிய 2,000 ரூபாயை மேலே சொன்ன கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அம்மா இப்போது குன்னூரில் ஓர் அறை வீட்டில் 4,500 ரூபாய் வாடகையில் இருக்கிறார். முன்பணத்துக்கு நான் மண்டி முதலாளியிடம் கடன் வாங்கினேன். லைன் வீட்டை ஒப்படைத்த பிறகு வந்த பணிக்கொடையில் அந்தக் கடனை அடைத்தோம். புதிய குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

அதே பழைய பெயரும் ஊதா முத்திரையும் உள்ள கடிதத்தை வைத்திருக்கும் மேலும் இரண்டு குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை மூன்று கடிதங்களையும் ஒன்றாக வைத்து மீண்டும் மனு கொடுக்கப் போகிறோம். உங்களிடமும் அப்படி ஒரு தாள் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய விவரத்தோடு காலை பத்து மணிக்குள் பிங்கர்போஸ்ட் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள், உங்கள் மனுவை எழுத நான் உதவுகிறேன்.