மூன்று ஃபைபர் இணைப்புகள் பயன்படுத்திய பிறகு நான் முதலில் பார்ப்பது

சில வருடங்களாக என் வேலை முழுக்க வீட்டு இணைய இணைப்பை நம்பித்தான் ஓடுகிறது. இதுவரை மூன்று நிறுவனங்களின் ஃபைபரைப் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் கொஞ்ச காலம் ஒரே வீட்டில் சேர்ந்தே ஓடியதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் எத்தனை எம்பிபிஎஸ், மாதம் எவ்வளவு என்பதுதான். நான் இப்போது முதலில் விசாரிப்பது, லைன் போனால் எவ்வளவு நேரத்தில் ஆள் வந்து சரிசெய்கிறார் என்பதை.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் இருக்கும் மாதக் கட்டணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வரி, இணைப்புக் கட்டணம், ரவுட்டர் வாடகை அல்லது முன்பணம், சலுகைக் காலம் முடிந்தபின் ஏறும் தொகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வருடக் கணக்குப் போடுங்கள். மலிவு என்று பெயர் வாங்கிய முதல் நிறுவனம், இப்படிக் கூட்டிப் பார்த்தபோது இரண்டாவதைவிட அதிகமாகவே வந்தது. ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால், எவ்வளவு டேட்டாவுக்குப் பிறகு வேகம் குறையும், குறைந்தால் எவ்வளவுக்கு இறங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். சேவை எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை மாதாமாதம் கட்டுவதே நல்லது.

வேகத்துக்கு வருவோம். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட் இறங்கும். 4கே வீடியோ ஒன்றுக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம், வீடியோ காலுக்கு நாலைந்து போதும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 100 தாங்கும். அதை 300 ஆக்கிப் பார்த்ததில், பெரிய ஃபைல் இறக்கும்போது தவிர வேறெங்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்த வித்தியாசம் மாலை ஏழு மணிக்கு மேல்தான். வீட்டு ஃபைபரில் பரவலாக இருப்பது, ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் தொழில்நுட்பம். அதில் ஒரு இழைக்கு இறக்கத்தில் (டவுன்லோடு) சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ்; ஏற்றத்தில் (அப்லோடு) சுமார் 1.25 ஜிபிபிஎஸ். அதை ஸ்பிளிட்டர் என்ற ஒளி பிரிக்கும் கருவி வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். எல்லோரும் படம் பார்க்க உட்காரும் நேரத்தில் அந்தப் பங்கும், நிறுவனம் வெளியே வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவும் போதுமா என்பதுதான் கேள்வி. முதல் நிறுவனத்தில் காலையில் முழு வேகம் வரும், ராத்திரி ஒன்பது மணிக்கு அதில் கால்வாசிதான். இரண்டாவதில் எந்த நேரமும் ஏறக்குறைய ஒரே அளவு.

சோதிக்கும்போது லேன் கேபிள் போட்டுச் சோதியுங்கள். இரண்டு சுவர் தாண்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பார்த்துவிட்டு நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை. ரவுட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால், எந்தப் பிளான் எடுத்தாலும் கேபிளில் 95-க்கு மேல் வராது. அப்புறம், அப்லோடு வேகத்தை மறக்காதீர்கள். சில பிளான்களில் ஏற்றம் இறக்கத்தில் பாதிகூட இருக்காது. வீட்டில் ஒருவர் ஃபைல் ஏற்றும்போது இன்னொருவரின் கால் திக்கித் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான் நிறுவனம் மாறியதே நம்பகத்தன்மைக்காகத்தான். முதல் நிறுவனம் ஃபைபர் என்று விற்றாலும், ஃபைபர் வந்தது கட்டிடம் வரைக்கும். அங்கே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி, அதிலிருந்து வீட்டுக்கு லேன் கேபிள். எங்கள் வீட்டில் ரவுட்டரை பேட்டரியில் ஓட்டினாலும், மின்சாரம் போனால் கீழே ஸ்விட்ச் அணைந்துவிடும். இரண்டாவது நிறுவனத்தின் இழை நேராக வீட்டுக்குள் வருகிறது. வழியில் இருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். வீட்டிலும் அவர்கள் நிலையத்திலும் பேட்டரி இருந்தால் போதும், தெருவே இருட்டாக இருந்தாலும் இணையம் ஓடும். ‘ஃபைபர் வீட்டுக்குள் வருமா, வாசலோடு நின்றுவிடுமா’ என்பதை அவசியம் கேளுங்கள்.

மூன்றாவது நிறுவனத்தில் வேகம் அருமை, பிங்கும் (பதில் வர ஆகும் தாமதம்) குறைவு. ஆனால் மழைக்குப் பிறகு இணைப்பு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. இழை வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும், சற்று நேரத்தில் தானே சரியாகும். புகார் கொடுத்தால் “ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்” என்பார்கள். ஆள் வருவதற்குள் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிடும். கடைசியில் வந்த டெக்னீஷியன் நல்ல வேலைக்காரர். பச்சைக் கனெக்டரைக் கழற்றி பவர் மீட்டரில் சொருகினார்; மைனஸ் 29 டிபிஎம் காட்டியது. டிபிஎம் என்பது வந்து சேரும் ஒளியின் வலிமை; மைனஸ் எண் கூடக்கூட ஒளி பலவீனம். ஜிபான் ஓஎன்டி பொதுவாகத் தாங்குவது மைனஸ் 27, 28 வரைதான். கனெக்டர் முனையைத் துடைத்தார், ஒன்றிரண்டு புள்ளிதான் ஏறியது. ஜன்னல் ஓரத்தில் கேபிள் கூர்மையாக மடங்கியிருந்த இடத்தை விரித்து, அகலமான வளைவாக விட்டார். மீட்டர் மைனஸ் 21-க்கு வந்தது. கண்ணாடி இழை இறுக்கமாக மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும், அவ்வளவுதான் கோளாறு. பத்து நிமிட வேலைக்கு நிறுவனம் வாரக்கணக்கில் இழுத்தடித்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, புது இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் டிபிஎம் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். பல ஓஎன்டிகளின் அமைப்புப் பக்கத்திலேயே ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று அது இருக்கும். பின்னால் பிரச்சினை வந்தால், “முதலில் மைனஸ் 20 இருந்தது, இப்போது 27” என்று சொல்லுங்கள்; பேச்சின் தொனியே மாறும்.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவையோ சேமிப்புக் கருவியையோ அணுகுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரவுட்டரில் தெரியும் ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்களோடு பலர் பகிர்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் வழி (போர்ட்) திறந்துவிட்டாலும் பலிக்காது. தனி ஐபியோ, புது வகை முகவரியான ஐபிவி6-ஓ கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது நிறுவனம், 100 எம்பிபிஎஸ் பிளான். அங்கேயும் லைன் போகாமல் இல்லை. போனால் மறுநாளுக்குள் ஆள் வந்துவிடுகிறார், அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறேன். நீங்கள் மாறுவதாக இருந்தால், புதியது சில மாலை நேரங்களைச் சரியாகக் கடக்கும்வரை பழையதைத் துண்டிக்காதீர்கள். பழைய ஓஎன்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் திரும்பி வர அது வேண்டும்.