காவாகுச்சியா, ஆஷியா, சுவாவா? ஓர் இரவு, ஒரு தொட்டி வெந்நீர்

டோக்கியோவிலிருந்து கிளம்பி ஓர் இரவு தங்கித் திரும்ப வேண்டும். ஏரிக்கரையில் எளிய விடுதி, தத்தாமிப் பாய் போட்ட அறை, கழுத்துவரை முங்க ஊற்று வெந்நீர். அவ்வளவுதான் ஆசை. யாரைக் கேட்டாலும் முதலில் காவாகுச்சி ஏரி என்பார்கள், அடுத்தது ஹக்கோனேயின் ஆஷி ஏரி. சுவா ஏரியைச் சொல்பவர்கள் குறைவு. மூன்றிலும் தங்கிப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு சுவாவுக்கு. ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவராது.

காவாகுச்சி என்றால் ஃபூஜி மலை. 3,776 மீட்டர் மலை ஏரிக்குத் தெற்கே நிற்கிறது. அதனால் ஏரியும் மலையும் சேர்ந்து தெரிவது வடகரை விடுதிகளின் ஜன்னலில்தான்; வாடகையில் பெரும்பங்கு அந்த ஜன்னலுக்குத்தான் போகிறது. ரயில் நிலையம் இருக்கும் தென்கரையில் மலிவாக அறை கிடைக்கும். மலை தெரியலாம், ஆனால் ஏரி முதுகுப் பக்கம் போய்விடும். சரி, காசு கொடுத்தே ஜன்னல் வாங்கினாலும் மலை நம் பேச்சைக் கேட்குமா? கோடையில் நான் போனபோது இரண்டு நாளும் மேகம். மலை இருக்கும் திசையை விடுதிக்காரர் கை காட்டிச் சொன்னார், நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். டிசம்பர், ஜனவரி காலைகளில் போனால் பெரும்பாலும் ஏமாற்றாது.

என் குறை மலைமேல் இல்லை, தண்ணீர்மேல். காவாகுச்சியின் ஊற்று நீர் பிற்காலத்தில் ஆழமாகத் துளை போட்டு எடுத்தது. அங்குள்ள சின்ன விடுதிகள் பலவற்றில் தொட்டியில் இருப்பது காய்ச்சிய குழாய்த் தண்ணீர்தான். குளிக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒன்சென் (இயற்கை ஊற்று வெந்நீர்) அல்ல. ஜப்பானின் 1948-ஆம் ஆண்டு ஒன்சென் சட்டப்படி, தரையிலிருந்து வரும்போதே 25 டிகிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பட்டியலிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். உடை மாற்றும் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட தாள் ஒன்று தொங்கும். ஊற்றின் வெப்பம், என்னென்ன உப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். பச்சைத் தண்ணீர் கலக்கிறார்களா, மறுபடி சூடாக்குகிறார்களா, அதே நீரைச் சுற்றவிடுகிறார்களா என்பதையும் எழுதியாக வேண்டும். நாகானோ மாகாணத்தில் ஓர் ஊற்றூரில் நீர் வெள்ளையாகத் தெரியப் பொடி கலந்தது 2004-இல் அம்பலமாகி, அடுத்த ஆண்டு விதி கடுமையானது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அந்தத் தாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆஷி ஏரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எரிமலை வெடிப்பால் சுமார் 3,000 ஆண்டுக்கு முன் பள்ளத்தாக்கு அடைபட்டு உண்டான ஏரி, அழகுதான். தண்ணீருக்குள் நிற்கும் ஹக்கோனே கோயிலின் சிவப்புத் தோரண வாயில் படங்களில் பழங்காலத்தது போலத் தெரிந்தாலும், கட்டியது 1952-இல். அதன் கீழ் நின்று படமெடுக்க நீளமான வரிசை நிற்கும். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹக்கோனே-யுமோத்தோ நிலையம். அங்கிருந்து வளைந்து வளைந்து பஸ். பகலில் நெரிசல், மாலை ஐந்தானால் கடைகள் சாத்தி ஊரே அடங்கிவிடும். எளிய விடுதி இல்லாமலில்லை, ஆனால் ஹக்கோனே என்ற பெயருக்கே ஒரு விலை உண்டு. கேபிள் கார், கந்தகப் புகை, எரிமலைப் பள்ளத்தாக்கான ஓவாகுதானியின் ஓடு கறுத்த முட்டை என்று குழந்தைகளோடு ஒரு நாள் சுற்ற நல்ல இடம். குளிக்க என்றே நான் அங்கே போகமாட்டேன்.

சுவாவுக்கு வருவோம். ஷின்ஜுகுவில் அசுசா விரைவு ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் ஏரிக்கரை நிலையமான காமி-சுவா. மூன்றில் இதுதான் தூரம். ஆனால் இறங்கிய பிளாட்பாரத்திலேயே கால் நனைக்க வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. காலுறையைக் கழற்றிப் பையில் திணித்து உட்கார்ந்தால், அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே வீடுகள் பலவற்றுக்கே குழாயில் ஊற்று நீர் வருகிறது. அதனால் மலிவான விடுதியிலும் தண்ணீர் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விடுதித் தொட்டி சின்னதாக இருந்தாலும் கவலையில்லை. கரையை ஒட்டிக் கதாகுரா-கான் இருக்கிறது. பட்டு நூற்பாலைகளால் செழித்த கதாகுரா குடும்பம், ஊர் மக்களுக்காக 1928-இல் கட்டிய பொதுக் குளியல் மாளிகை. வெளியிலிருந்து பார்த்தால் ஐரோப்பியக் கட்டடம். ‘ஆயிரம் பேர் குளியல்’ என்று பெயர், நூறு பேர் நிற்கலாம். நிற்கலாம் என்றுதான் சொல்கிறேன்: ஆழம் 1.1 மீட்டர், தரையில் உட்கார முடியாது. அடியில் கூழாங்கற்கள் பரப்பியிருப்பதால் நடக்க நடக்க உள்ளங்காலைப் பிசைந்துவிடும். கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் விழும் நேரத்தில் நீராவியைப் பார்த்தபடி அங்கே நின்ற அரை மணியை நான் எந்த மலைக்காட்சிக்கும் மாற்றமாட்டேன்.

சுவாவின் குறையையும் சொல்ல வேண்டும். ஏரி ஆழமில்லாதது, தெளிவும் இல்லை. கோடையில் பாசி பிடித்துப் பச்சையாகும். சுற்றி முழுக்க ஊர்க் கட்டடங்கள். படம் எடுத்துப் பகிர ஃபூஜி அளவுக்கு எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் ஏரி உறைந்து, பனிக்கட்டி வெடித்து முகடாக எழும்புவதை ‘ஒமிவதாரி’ என்பார்கள். அக்கரைத் தேவியைப் பார்க்க இக்கரைத் தேவன் நடந்துபோன தடமாம். கோயிலார் 1443 முதல் குறித்துவந்த அந்த நிகழ்வு இப்போது மிக அரிது, 2018-இல் தெரிந்தது. அதை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். ஆகஸ்டு 15 வாணவேடிக்கைக்கும் மாதக்கணக்கில் முன்பே அறைகள் தீர்ந்துவிடும்.

எந்த ஏரி என்பதைவிட எந்த மாதிரி விடுதி என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரியோகான் என்ற பாரம்பரிய விடுதியில் பணிப்பெண் வந்து படுக்கை விரிப்பார், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள் வரும், ஆளுக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் யென் சாதாரணம். மின்ஷுகு என்பது ஒரு குடும்பம் வீட்டோடு நடத்தும் விடுதி. ஃபுதோன் மெத்தையை நீங்களே அலமாரியிலிருந்து எடுத்து விரிக்க வேண்டும், கழிப்பறை பொது. இருவேளைச் சாப்பாட்டோடு பத்தாயிரம் யென்னை ஒட்டி முடியும்.

துணியில்லாமல் அந்நியர்களோடு குளிப்பதா என்று கூசுபவர்களுக்கு மலிவான மின்ஷுகுதான் தோது. தொட்டி சின்னது என்பதால் ஒவ்வொரு குழுவாகத்தான் போவார்கள். கதவில் அட்டையை மாட்டித் தாழ் போட்டால் அந்த அரை மணி உங்களுடையது. பெரிய ரியோகானில் இதே தனிமைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நான் முதல் தடவை தங்கியபோது, அடுத்தவருக்கு அழுக்குத் தண்ணீரை விட்டுவைக்கக் கூடாதே என்று குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் சுழித்து இறங்கும் சத்தம் கேட்டு விடுதிக்காரப் பாட்டி ஓடிவந்து, கதவுக்கு வெளியே நின்று “அரா, அரா” (அடடா) என்றார். தொட்டி மறுபடி நிரம்ப ஒன்றரை மணி நேரம். யுகாத்தா என்ற பருத்தி அங்கி கட்டிய இரண்டு குடும்பங்கள் கூடத்தில் டீவி பார்த்தபடி காத்திருந்தன. பாட்டி எனக்கும் ஒரு டீ ஊற்றிக் கொடுத்து அவர்களோடு உட்கார வைத்தார். வெளியிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எல்லோரும் தொட்டியில் இறங்குகிறார்கள். அந்தத் தண்ணீர் எல்லோருக்கும் பொது.

அப்புறம் சாப்பாடு. சுவாவில் பொரித்த வகசகி மீன் வரும், சில நாள் சர்க்கரையும் சோயாவும் போட்டு வதக்கிய வெட்டுக்கிளி ஒரு குட்டித் தட்டில் வரும். மொறுமொறுவென்று இறால் கருவாடு மாதிரிதான் இருக்கிறது. சைவக்காரர்களுக்கு மூன்று ஏரியிலும் சிரமம்: மீனே இல்லாத சூப்பிலும் கத்சுவோ மீன் சீவலில் எடுத்த சாறு இருக்கும். அவர்கள் ‘சுதொமாரி’, அதாவது சாப்பாடில்லாத அறை மட்டும் எடுத்துவிட்டு, கடையில் பழமும் உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டையும் வாங்கிக்கொள்வது நிம்மதி. காமி-சுவாவில் ரயில் நிலையத்தைச் சுற்றி நடக்கும் தூரத்தில் கடைகள் உண்டு, ஆஷி ஏரிக்கரையில் இருட்டிய பிறகு தேட முடியாது.

சனிக்கிழமை எங்கும் விலை ஏறும். ஒற்றை ஆளுக்குப் பல விடுதிகள் அன்று அறையே தரமாட்டார்கள். காவாகுச்சிக்கு பஸ்ஸில் போனால் ஞாயிறு மாலை திரும்பும் வழியில் நெடுஞ்சாலை நகராது. வாரநாளில் போக முடியுமானால் போங்கள், ஆறு மணிக்குள் விடுதிக்குப் போய்ச் சேருங்கள். இரவுச் சாப்பாட்டைச் சூடாக வைத்துக்கொண்டு பாட்டி வாசலில் நிற்பார்.