பாதை நிலத்துக்குள்ளே போகும் வீடா, வேலிக்கு வெளியே போகும் வீடா?

கிராமத்துப் பக்கம் ஒரு வீடு, குதிரையோ ஆடோ மேய வேலி போட்ட புல்நிலம், காலாற நடக்கப் பக்கத்திலேயே பொது நடைபாதை. இதைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை வீடுகளுக்கு நடுவில் வந்து நிற்பார்கள்: மூன்று ஏக்கர் நிலமும் அதன் குறுக்கே பாதையும், இரண்டே ஏக்கரும் வேலிக்கு வெளியே பாதையும், நிலமே இல்லை, வாசலைத் திறந்தால் பாதை.

முதல் வகை பார்த்ததும் மனதை அள்ளும். ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் என்பது பொதுவான கணக்கு. மூன்று ஏக்கரில் இரண்டு குதிரை தாராளமாக மேயும். ஆனால் பொதுப் பாதையை நம் இஷ்டத்துக்குப் பூட்ட முடியாது. போகிறவர்களில் ஒருவர் கேட்டைச் சாத்த மறந்தால் போதும், குதிரை சாலையில் நிற்கும். பிரியமாகத்தான் ரொட்டி கொடுப்பார்கள், வெட்டிய புல்லைக் குவியலாகக் கொட்டுவார்கள். அந்தப் புல் சீக்கிரம் சூடேறிப் புளித்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். மாடு வளர்த்தால் நாய்க்கழிவு இன்னொரு கவலை: அதிலிருந்து பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் சினைமாடு கன்று வீசிவிடும். பாதையின் இருபுறமும் வேலி போடலாம். சரி, அப்போது நிலம் இரண்டு துண்டாகும். இரண்டுக்கும் தனித்தனியாகத் தண்ணீர்த் தொட்டி, தனித்தனி கேட்.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். வேலிக்கு மேலே கையை நீட்டி ஊட்டுகிறவர்கள் இங்கேயும் உண்டு; இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி ஒரு மின்வேலிக் கம்பி இழுத்தால் அந்தத் தொல்லை அடங்கும். நிலம் சின்னது என்பதால் உழைப்பு கூடும். 500 கிலோ குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். லத்தி கிடக்கும் இடத்தில் குதிரை வாய் வைக்காது. அள்ளாமல் விட்டால் ஒரு பக்கம் மொட்டைத் தரை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரப் புல் என்று நிலமே திட்டுத்திட்டாகிவிடும். கூடவே சில செம்மறிகளை மேயவிடுவது நல்ல வழி. குதிரை ஒதுக்கியதை அவை மேயும். குதிரைக் குடற்புழுக்களில் பெரும்பாலானவை செம்மறி வயிற்றில் பிழைக்காமல் செத்துப்போகும்.

மூன்றாவது, நடக்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு அருமையான வீடு. குதிரை இருந்தால் மேய்ச்சலுக்கு வாடகை நிலம் தேட வேண்டும், காலையும் மாலையும் அங்கே போய்வர வேண்டும். ராத்திரியில் குதிரை வலியில் புரண்டால் நமக்குத் தெரியவே தெரியாது.

எந்த வீடானாலும் நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். கேட் ஓரமும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும்தான் முதலில் சேறாகும். அங்கே குளம்பு புதைந்தால் எத்தனை ஏக்கர் இருந்தும் மழைக்காலம் முழுக்க அவதிதான். அப்புறம், ஆட்கள் நடந்து தேய்ந்த தடமும் பாதையின் சட்டப்படியான கோடும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியே போவதாகக் காட்டிய பாதை ஆவணத்தில் நிலத்துக்குள்ளே இருக்கலாம். விலை பேசும் முன், சட்டப்படியான கோட்டைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.