லுடுசாவி: கேம் சேவ் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காக்க ஒரு நல்ல துணை

அழிந்துபோன ஒரு கேமை மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த சேவ் கோப்பு போனால் போனதுதான். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கலாமென்று உட்கார்ந்தால், அது எந்த போல்டரில் கிடக்கிறது என்பதே முதல் சிக்கல். தி விட்சர் 3 டாக்குமென்ட்ஸுக்குள் சேமிக்கிறது, சைபர்பங்க் 2077 ‘சேவ்டு கேம்ஸ்’ போல்டரில் சேமிக்கிறது, ஸ்டார்டியூ வேலியும் எல்டன் ரிங்கும் விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா என்ற போல்டருக்குள் சேமிக்கின்றன. லுடுசாவி என்னும் இலவசத் திறமூல மென்பொருள் இந்தத் தேடும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது.

பிசிகேமிங்விக்கி தளத்தில் தன்னார்வலர்கள் திரட்டியுள்ள விவரங்களைக் கொண்டு, 10,000-க்கும் மேற்பட்ட கேம்களின் சேவ் இடங்களை இது அறிந்து வைத்திருக்கிறது. பேக்கப் செல்ல வேண்டிய இடமாக வெளி டிஸ்க்கைக் காட்டிவிட்டு ‘முன்னோட்டம்’ பொத்தானை அழுத்தினால், எதையும் தொடாமல், எந்தக் கேமுக்கு எந்தக் கோப்புகள், எவ்வளவு அளவு என்று பட்டியலிடுகிறது. புதியவற்றுக்குக் கூட்டல் குறியும், மாறியவற்றுக்கு முக்கோணக் குறியும் இடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனெனில் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை.

எடுத்து வைத்த பேக்கப்பும் பூட்டிய பெட்டியாக இல்லை. ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போல்டர், அதற்குள் ‘டிரைவ்-சி’ என்ற போல்டர், அதற்குள் கோப்புகள் முன்பிருந்த அதே பாதை வரிசை. ஆகவே நாளை இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் கையாலேயே எடுத்து வைத்துவிடலாம். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒளிந்திருக்கும் கேம் பதிவுகளையும் இது விடுவதில்லை.

குறைகளும் உண்டு. தொடக்க அமைப்பில் ஒரே ஒரு பேக்கப்பைத்தான் வைத்துக்கொள்கிறது. கெட்டுப்போன சேவ் ஒன்று பழைய நல்ல பிரதியின் மீது எழுதப்பட்டுவிடாமல் இருக்க, அந்த எண்ணிக்கையை முதல் நாளே கூட்டிவிட வேண்டும். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டுமானால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத்தான் நாட வேண்டியிருக்கிறது. டிஸ்க்கைச் செருகும்போது டிரைவ் எழுத்து மாறினால் பழைய பாதை செல்லாது என்பதால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் நிலையான ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

சி டிரைவில் இடம் காலியாகும் என்று எண்ணி இதை நிறுவ வேண்டாம். இது நகலெடுக்கிறதே தவிர, கோப்புகளை இடம் மாற்றுவதில்லை. இடத்தை அடைத்திருப்பது பெரும்பாலும் கேமே தவிர சேவ் கோப்புகள் அல்ல. கேம்களை வாங்கி நிறுவ உதவும் ஸ்டீம் செயலியில் வாங்கிய கேம் என்றால், அதை வேறு டிரைவுக்கு நகர்த்தும் வசதி ஸ்டீமிலேயே இருக்கிறது.

மீட்டெடுக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. எல்டன் ரிங்கின் சேவ் 17 இலக்க ஸ்டீம் கணக்கு எண்ணைப் பெயராகக் கொண்ட போல்டரில் இருப்பதோடு அந்தக் கணக்குடனேயே பிணைக்கப்பட்டுமிருப்பதால், வேறொரு கணக்கில் அப்படியே வைத்தால் திறக்காது. சேவை இணையத்திலும் சேமித்து வைக்கும் ஸ்டீம் கிளவுட் வசதி உள்ள கேம்களில், மீட்டபின் கணினிக் கோப்பா கிளவுட் கோப்பா என்ற கேள்வி எழலாம். அவசரத்தில் கிளவுடைத் தேர்ந்தால், மீட்ட கோப்பின் மேல் பழையதே வந்து அமர்ந்துவிடும்.